ஆமாஞ்சாமியின் காது

தம்பிக்கு வேலை செய்யும் இடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு என்பது அக்காவுக்குத் தெரியவந்தபோது, அந்தப் பெயர் அவன் மேல் ஒட்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆமாஞ்சாமி. பெரிய மனிதர் காக்கை வெள்ளை என்றால், "ஆமாங்க, நானும் பார்த்தேன், இப்பத்தான் பறந்து போச்சு" என்கிறவனுக்கு உலகம் வைக்கும் பெயர் அது. அதை அவள் தம்பிக்கு வைத்திருந்தார்கள். வாத்தியார் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று சொல்லி, அதற்காகவே முழங்காலில் நின்றவனுக்கு!

அவன் வேலை செய்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, ஓட்டல்களின் துண்டு, திரைச்சீலை எல்லாம் லாரி லாரியாக அங்கே வந்து வெளுத்துப் போகும். அவனுடைய இடம் பிழியும் இயந்திரத்தின் பக்கத்தில். துவைத்த துணியை உள்ளே போட்டு மூடினால் அது சுற்றிச் சுற்றித் தண்ணீரைக் கக்கும். சுற்ற ஆரம்பிக்கும்போது முனகலாகத் தொடங்கும் சத்தம், வேகம் பிடித்ததும் ஊளையாக மாறிக் கூரைத் தகரத்தையே உதற வைக்கும். அந்த ஊளைக்குப் பக்கத்தில்தான் அவன் தன் வாலிபத்தைக் கழித்தான். மீசை முளைத்த புதிதில் போய் நின்றவன், மீசையில் நரை விழுந்த பிறகும் அங்கேயேதான் நின்றான். காதில் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சு உருண்டைகூட யாரும் கொடுத்ததில்லை.

காது ஒரே நாளில் போகவில்லை. கரை அரிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் வாசல் மணி. அப்புறம் குக்கர் விசில். பிறகு மகளின் பேச்சு. மகளுக்கு மெல்லிய குரல். அப்பாவிடம் ஒன்றை இரண்டு முறை சொல்லிப் பார்ப்பாள். மூன்றாவது முறை, "ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்து போய்விடுவாள். அந்த "ஒண்ணுமில்லப்பா" மட்டும் அவனுக்குப் பழகிப்போனதால் நன்றாகவே புரியும்.

அவன் மனைவி மட்டும் வேறு முடிவுக்கு வந்திருந்தாள்.

"காரியச் செவிடு அண்ணி உங்க தம்பி. கடைக்குப் போய்ட்டு வாங்கன்னா கேட்காது. சாப்பிட வாங்கன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த தெருவுல இருந்தாலும் ஓடி வருவாரு."

"சாப்பாட்டுக்கு வாசனை இருக்கும்மா. கடைக்கு ஏது வாசனை?" என்று அக்கா சிரித்துக்கொண்டே தம்பியை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். அக்காவுக்குப் பக்கத்து வீடு. பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பது அவள் தொழில். ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவள்.

கேட்காதவன் என்ன செய்வான்? ஒவ்வொரு முறையும் "என்ன? என்ன?" என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்புக்குப் பயந்து அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். உதட்டைப் பார்ப்பான். காதில் விழுந்த அரைகுறையையும் உதட்டையும் சேர்த்து ஒரு வாக்கியத்தை ஊகிப்பான். பிறகு, "ஆமா" என்று சொல்லிவிடுவான். பத்துக்கு எட்டுப் பேச்சுக்கு "ஆமா" பொருந்திவிடும். மனிதர்கள் பதிலுக்காகவா கேள்வி கேட்கிறார்கள்? தலையாட்டலுக்காகத்தானே கேட்கிறார்கள்.

பொருந்தாத ஒரு நாளும் வந்தது.

அன்று அவன் வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே வீட்டுக்கு வந்தான். சீருடைச் சட்டையும் துண்டும் கையில் சுருட்டியபடி இருந்தன.

"என்னடா, இந்நேரத்துக்கு?"

"லீவு குடுத்திருக்காங்க அக்கா. ஒரு வாரம் வீட்டுல இருன்னு சூப்பர்வைசர் சொன்னார்."

அக்காவின் கையில் ஊசி நின்றது. மகள் பிறந்த அன்றைக்கே அரை நாள் கேட்டதற்கு மூக்கால் அழுத இடம் அது. அது சும்மா ஒரு வாரம் கொடுக்குமா? சோழியன் குடுமி சும்மா ஆடாதே!

சாயங்காலம் அங்கே மடிப்பு மேசையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் இப்படிப் பண்ணுவாருன்னு நினைக்கவே இல்லக்கா. அந்தப் பெரிய ஓட்டல் கர்ட்டன் பாதி வெள்ளை வெள்ளையா திட்டுத் திட்டாப் போச்சு. பிளீச் போட்டது நான்தான்னு அவரே ஒத்துக்கிட்டாராம். வேலை போயிடும்னு பேசிக்கிறாங்க."

பிளீச் என்பது வெள்ளைத் துணிக்கு மட்டும் போடும் மருந்து. சாயத் துணியில் ஒரு சொட்டுப் பட்டாலும் நிறத்தைத் தின்றுவிடும். அது வீட்டில் வேட்டி துவைக்கிறவனுக்கே தெரியும். அவள் தம்பிக்குத் தெரியாதா?

தம்பியைக் கூப்பிட்டு விளக்கடியில் உட்காரவைத்து, நேருக்கு நேர், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "சூப்பர்வைசர் உன்கிட்ட என்னடா கேட்டார்?"

"கர்ட்டன் பீஸ் போட்டது நீதானேன்னு கேட்டார். ஆமான்னேன். நான்தானே போட்டேன்?"

"பீஸா?"

சலவைக்கூடத்தில் ஒவ்வொரு துணிக்கும் பீஸ் என்றுதான் பெயர். நாள் முழுவதும் பீஸ் எண்ணி, பீஸ் தூக்கி, பீஸ் போடுகிறவன். அவனிடம், ஊளையிடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, பிளீச் போட்டது நீதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவன் காதில் விழுந்தது பீஸ்.

"அடேய், அவர் பிளீச்சுன்னுடா கேட்டார்! பிளீச்!"

தம்பியின் முகம் வெளுத்தது. "நான் எதுக்கு அக்கா பிளீச்சைத் தொடறேன்?" என்றான். ஒரு சொல்லில் நடுவிலிருந்த எழுத்தை ஊளை தின்றுவிட்டது. அந்த ஊளை அவனுடைய சோற்றையும் சேர்த்துத் தின்னப் பார்த்தது.

மறுநாள் காலை அக்கா சலவைக்கூடத்துக்குப் போனாள். தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டாள். மேனேஜர் அறையில் சூப்பர்வைசரும் இருந்தார்.

"யாரு, ஆமாஞ்சாமியோட அக்காவா? உட்காருங்கம்மா" என்றார் சூப்பர்வைசர், வெகு இயல்பாக. அப்படித்தான் அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்தது. உட்காராமல் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "செவிடன் காதுல சங்கு ஊதின கதையாத்தான் இருக்கு. சரிம்மா, உங்க பேச்சுக்கே வரேன். அவனுக்குக் காது கேட்கும்னா தப்பை ஒத்துக்கிட்டான். கேட்காதுன்னா மெஷின்கிட்ட நிக்கவே லாயக்கில்லாதவன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

இது என்ன நியாயம்? இந்தப் பக்கம் போனால் வெட்டு, அந்தப் பக்கம் போனால் குத்து. அக்கா மேசையில் கையை ஊன்றினாள்.

"ஐயா, அவன் இங்க வேலைக்கு வந்தப்போ நல்ல காதோடதான் வந்தான். அந்தக் காது எங்க போச்சுன்னு நான் உங்களைக் கேட்கணும். நீங்க என்னைக் கேட்கறீங்க! மெஷினுக்கு மாசா மாசம் எண்ணெய் போடறீங்களே, பக்கத்துல நிக்கிறவன் காதை ஒரு நாள் பார்த்தீங்களா?"

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை; சிக்கல் எதுவும் தன் அறைக்கு வரக்கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். "சரிம்மா, டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டும். ஓட்டல்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும். அடுத்த வாரம் கூப்பிட்டு மறுபடி விசாரிக்கிறேன். அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

வீட்டுக்கு வந்து சொன்னால், தம்பி மாட்டேன் என்றான்.

"எனக்கென்ன செவிடா? சத்தத்துல கேட்கலை, அவ்வளவுதான். காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நடந்தா தெருவே சிரிக்கும்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு நான் நடக்கிறேனே, தெரு சிரிக்குதா? கண்ணு மங்கினா படிச்சவன் மாதிரி இருக்குன்னு சொல்றீங்க, காது மங்கினா மட்டும் மானம் போயிடுமா?"

அவன் மனைவி எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மடித்த துணிகளுக்குக் கீழே கையை விட்டு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துவந்து அக்காவின் மடியில் வைத்தாள். உள்ளே தோல் நிறத்தில் ஒரு காது மெஷின்.

"போன வாரம் துணி அடுக்கும்போது பார்த்தேன் அண்ணி. எப்ப வாங்கினாருன்னே தெரியாது." காரியச் செவிடு என்று வருடக்கணக்கில் கேலி செய்தவள் அவள்தான்.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் வாங்கியிருக்கிறான். கடைக்காரர் காதைப் பார்க்கவில்லை, எதையும் சோதிக்கவில்லை. செல்போன் உறை விற்கிற மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாட்டினால் தட்டு வைக்கும் சத்தம் இடியாக விழுந்தது, பேச்சு மட்டும் முன்போலவே குழம்பியது. காதுக்குள் அது கீச்சென்று கத்தியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒளித்துவைத்துவிட்டான். "மெஷின் போட்டும் கேட்கலைன்னா என் காது அவ்வளவுதான்னு நினைச்சேன்" என்றான்.

யாரிடமும் சொல்லாமல், கேலிக்குப் பயந்து, ஒரு மனிதன் தன் காதுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறான். போன இடத்தில் ஒருவன் அவனுக்கு இரைச்சலை விற்றிருக்கிறான். அக்கா அந்தப் பெட்டியை மூடினாள். "அடுத்தவன் கண்ணாடியை வாங்கிப் போட்டா உனக்குக் கண்ணு தெரியுமாடா? காலைல கிளம்பு" என்றாள்.

ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் டாக்டர் முதலில் விளக்கு வைத்து உள்ளே பார்த்தார். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதி தீர்ந்துவிடும் என்றார். அடைப்பு இல்லை. பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு. தம்பியை உள்ளே உட்காரவைத்து, காதுகளில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு பொத்தான் கொடுத்தாள் காது பரிசோதிக்கும் பெண். கனத்த சத்தங்களுக்கெல்லாம் உடனே அழுத்தினான். கீச்சுச் சத்தம் வர வர அவன் கை சும்மா கிடந்தது. வெளியே நின்ற அக்காவின் விரல் மட்டும் தன்னையறியாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெண் கூண்டைத் திறந்து உள்ளே போய், அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க."

"தட்டு" என்றாள்.

"பட்டு" என்றான் தம்பி.

"சாவி."

"காவி."

"பத்து."

"கத்து."

தயங்காமல், சரியாகச் சொல்கிறோம் என்ற நம்பிக்கையோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். அக்காவால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் இவன் இப்படியொரு உலகத்தில்தான் நடமாடினானா? நாம் சாவி என்றால் அவனுக்குக் காவி. அதைப் பிடித்துக்கொண்டு நம்மோடு பேசி, சிரித்து, குடும்பம் நடத்தியிருக்கிறானே!

பரிசோதித்த பெண் வெளியே வந்து விளக்கினாள். "இவருக்குக் காது கேட்குதும்மா. பேச்சுதான் புரியலை. நல்லாக் கவனிச்சீங்களா? உயிரெழுத்து எதுவும் மாறலை. தட்டு, பட்டு. சாவி, காவி. மெய்யெழுத்துதான் மாறுது. ச, த, க, ப மாதிரி எழுத்துக்கெல்லாம் மெல்லிசான, கூர்மையான சத்தம். பெரிய இரைச்சல் முதல்ல அதைக் கேட்கிற நரம்பைத்தான் கெடுக்கும்."

"உயிர் இருக்கு, மெய் போச்சுங்கறீங்க."

"அதேதான். அதனாலதான் கத்திப் பேசியும் பிரயோஜனம் இல்லை. கத்தினா உயிர்தான் பெரிசாகும். முகத்தைக் காட்டி, நிதானமாப் பேசுங்க."

"போன மெய் திரும்ப வருமா?"

"போனது போனதுதாம்மா. ஆனா இருக்கிறதை வெச்சு நல்லாவே கேட்க வைக்கலாம்." அவனுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ, அதை மட்டும் அந்த அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும்படி கருவியைக் கணினியில் அமைக்க வேண்டும் என்றாள். இரண்டு காதுக்கும் வேண்டும். கடையில் வாங்கியது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகத் தூக்கியிருக்கும். பாத்திரச் சத்தம் இடியானது அதனால்தான். சோதித்துப் பார்க்க ஒரு ஜோடியைப் பொருத்தி அனுப்பினாள். முதலில் அமைதியான அறையில் கொஞ்ச நேரம், பிறகு கூடக் கூட. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிடக்கூடாது. இரைச்சலில் வேலை செய்யும்போது கருவியைக் கழற்றிவிட்டுக் காதுக்கு மூடி போட வேண்டும்.

"மூடி அங்கே இல்லைங்க" என்றான் தம்பி.

அந்தப் பெண் சீட்டில் எழுதுவதை நிறுத்தினாள். "எத்தனை பேர் வேலை செய்யறாங்க அங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வெளியே வந்ததும் தம்பி நின்றுவிட்டான். தன் செருப்பைக் குனிந்து பார்த்தான். "இது இவ்வளவு சத்தம் போடுமா?" வீட்டில் செய்தித்தாளைப் புரட்டியவர்களை அதட்டினான். குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போய் அடைத்தான். "எல்லாரும் ஏன் என்கிட்ட கத்தறீங்க?" என்று மனைவியைக் கேட்டான், அவள் அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள். இரண்டாம் நாள் தலை வலிக்கிறது என்று கழற்றினான். மூன்றாம் நாள் அவனே எடுத்து மாட்டிக்கொண்டான். மகள் மெல்லிய குரலில் என்னவோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவ்வளவுதான். அவள் அங்கேயே உட்கார்ந்து, பேச எடுத்துவைத்திருந்ததையெல்லாம் பேசினாள்.

விசாரணை நாள் வந்தது. கூடத்தில் நின்று பேச முடியாது, அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார்.

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பி, மோவாயைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

தம்பி கையை உயர்த்தினான். "சார், கையை எடுத்துட்டு என் பக்கம் பார்த்துக் கேளுங்க. வாயை மறைச்சா எனக்குப் புரியாது."

அக்காவுக்கு மெய்சிலிர்த்தது. எவர் முகமும் சுளிக்கக்கூடாது என்று ஊகித்தே காலம் தள்ளியவன், முதல் தடவையாக ஒருவரிடம், எனக்கு ஏற்றபடி பேசு என்று கேட்டான்.

"கர்ட்டனுக்கு பிளீச் போட்டது நீயா?"

"இல்லை சார். பிளீச்சை நான் தொடவே இல்லை. பீஸைத்தான் வேற தள்ளுவண்டிக்கு மாத்திப் போட்டேன்."

"எதுக்கு மாத்தினே?" என்றார் மேனேஜர்.

அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி அது. ஒருவன் தவறு செய்தான் என்று தெரிந்ததும் ஏன் என்று கேட்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

"கர்ட்டன் கிடந்த வண்டியில மருந்து வாடை அடிச்சது சார். அதுக்கு முன்னாடி அந்த வண்டியில ஆஸ்பத்திரி விரிப்பு பிளீச் ஈரத்தோட வந்திருக்கு. கழுவாம கர்ட்டனை அதுலயே கொட்டிட்டாங்க. வண்டி பத்தலை, எதுல வேணா போடுங்கன்னு ஆர்டர். அடியில இருந்தது கெட்டுப்போச்சு. மேல இருந்ததையாவது காப்பாத்தலாம்னு வேற வண்டிக்கு மாத்தினேன். நல்லா இருக்கிற பாதி, நான் மாத்தின பாதி சார்."

அந்த உத்தரவு யாருடையது என்று மேனேஜர் கேட்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

மேனேஜர் தணிந்த குரலில் சொன்னார்: "வண்டியெல்லாம் கழுவ ஏற்பாடு பண்ணுங்க."

"சரி சார், நாளைக்கே எழுதச் சொல்லிடறேன்" என்றார் சூப்பர்வைசர்.

தம்பிதான் அவர் பக்கம் திரும்பி, முகத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னான். "எழுத இல்லை சார். கழுவ." அவனும் இவரும் ஒரே கூடத்தில், ஒரே ஊளையில் நின்றவர்கள். இவர் எல்லாரிடமும் எரிந்து விழுந்து, எதிர்க்கேள்வி வராமல் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அக்காவுக்கு அந்த நிமிடம் அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. அவர் காதையும் தின்ற இடத்தின் மேல் இன்னொரு கோபம் கூடச் சேர்ந்தது.

"காதுப் பிரிவு புதன்கிழமை காலைல சார்" என்றான் தம்பி அவரிடம், கேலியில்லாமல்.

"சரி, சரி, நாளையில இருந்து வேலைக்கு வா" என்று மேனேஜர் எழுந்தார். மன்னிப்பு இல்லை, வருத்தம்கூட இல்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி பேசினான்.

"மெஷின்கிட்ட நிக்கிற எல்லாருக்கும் காது மூடி வேணும் சார். எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணணும்."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா எப்ப சார்?"

"வாங்கத்தானே சொல்லணும்? வரும்."

"வர்ற வரைக்கும் நான் மடிப்பு மேசையில நிக்கிறேன். இருக்கிற காதை இனி குடுக்க முடியாது."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைவிட உறுதியாகத் திருப்பிப் பார்த்தாள். "சரி, அங்கேயே நில்லு" என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை அக்கா அவனோடு கூடம் வரை நடந்தாள். கதவு திறந்திருந்தது. மடிப்பு மேசை இயந்திரங்களுக்கு அப்பால், சுவர் தடுத்த பகுதியில் இருந்தது. விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்த பெண்கள், ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் போய் நின்றதும், வீட்டுக்கு வந்து சொன்ன அந்தப் பெண் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"வாயை மூடுங்கடி, அண்ணனுக்கு இப்ப எல்லாம் கேட்குது."

பேச்சு சட்டென்று நின்றது. விரிப்பு உதறும் சத்தம் மட்டும். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி துணிக்குள் முகத்தை மறைத்தாள். ஆமாஞ்சாமி, டமாரம், சங்கு என்று அவன் பக்கத்திலேயே நின்று சொல்லிச் சிரித்த வாய்களெல்லாம் அவை.

தம்பி ஒரு விரிப்பின் முனையை எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க. இத்தனை வருஷமா என்னைப் பத்தி என்னென்ன பேசினீங்களோ, முதல்ல இருந்து சொல்லுங்க. நான் ஒண்ணையும் கேட்கலை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்; அவனும் சிரித்தான், அவர்கள் சிரித்த அதே நொடியில். வாசலில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே பிழியும் இயந்திரம் ஊளையிடத் தொடங்கியது. அதன் பக்கத்தில், தம்பி நின்ற இடத்தில், புதிதாக ஒருத்தன் வெறும் காதோடு நின்றுகொண்டிருந்தான். அக்கா செருப்பைக் கழற்றவில்லை, அனுமதி கேட்கவில்லை. நேரே மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தாள்.